‘சாருக்கு எப்ப முடியுது?’ – டெல்டா ஆபீஸ்களில் ஓய்வு பெறப் போகிறவர்களைப் பற்றிய பேச்சுவழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊழியர்களின் பணி விவரங்களைக் கவனிக்கிற எஸ்டாப்ளிஷ்மென்ட் சீட்டில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். முதலில் தஞ்சாவூர், அப்புறம் மன்னார்குடி, நாகப்பட்டினம், இப்போது திருவாரூர். டி.என்.பி.எஸ்.சி. எழுதித் தேறி தர்மபுரியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து சேர்கிற பிள்ளைகள், முதல் மாதமே என் மேசைக்கு வந்து ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். இங்கே ஓய்வு பெறப் போகிறவரைப் பற்றி யாரும் நேராகப் பேசுவதில்லை, கடைமடை என்கிறார்கள், திருக்கடையூர் என்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

‘சாருக்கு எப்ப முடியுது?’ன்னு எல்லாரும் கேட்கிறாங்களே, என்ன முடியுது மேடம்?

சர்வீஸ் முடிகிறது. ‘சர்வீஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேட்பதுதான் இங்கே வழக்கம். பதிலும் அப்படியே வரும்: ‘மேயோட முடியுது’, ‘தைக்குள்ள முடிஞ்சிடும்’. தேதி சொல்ல வேண்டியதில்லை. பிறந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகல் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே போய்விடுவார். ஒரே ஒரு நாளில் ஒரு மாதச் சம்பளம் போச்சே என்று புலம்பாத ஒன்றாம் தேதிக்காரரை நான் பார்த்ததில்லை.

எத்தனை வயசுல முடியுது? எங்க அப்பா 58ன்னு சொல்றாரே?

அப்பா அவர் காலத்துக் கணக்கைச் சொல்கிறார். மாநில அரசு ஊழியருக்கு ரொம்ப காலம் 58தான். 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். 2020 மே 31 அன்று முடிய வேண்டியவர்களுக்கு உத்தரவு மூன்று வாரம் முன்னால் வந்தது. பென்ஷன் பேப்பரெல்லாம் போன பிறகு திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷத்தை எங்கள் பிரிவில் ‘போனஸ் வருஷம்’ என்றோம். ஏப்ரல் 30 அன்று போனவர்களுக்கு அந்த யோகம் ஒரே ஒரு வாரத்தில் தப்பியது. ஊரடங்கு வேறு, மாலை போடக்கூட ஆள் இல்லை. இன்றைக்கும் ஒருவரை ‘அவர் ஏப்ரல்காரர்’ என்று இங்கே சொன்னால், அது பிறந்த மாதத்தை மட்டும் சொல்கிற பேச்சு இல்லை.

ஏன் பாதிப் பேருக்கு மே மாசத்துலயே முடியுது?

அவர்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டவர் யார்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் வயது ஐந்து. வாத்தியார் ஜூனில் ஐந்து முடிகிற மாதிரி மேயிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைத் தானே போட்டு எழுதிக்கொண்டார். ஐப்பசி அடைமழையில் பிறந்தவரெல்லாம் பதிவேட்டில் சித்திரை வெயிலில் பிறந்திருக்கிறார்கள். அதனால்தான் மே கடைசியில் ஒரே ஆபீஸில் நான்கு சால்வை, நான்கு பிரியாணி.

மே மாதம் டெல்டாவில் வாய்க்கால் வறண்டு, தூர்வாரும் வண்டிகள் ஓடுகிற காலம். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறப்பது ஜூன் 12. ‘தண்ணி வர்றதுக்கு முன்னாடி நான் போயிடறேன்’ என்று மேக்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

‘கடைமடைக்கு வந்துட்டேன்’னா என்ன அர்த்தம்? எங்க ஊர்ல இந்த வார்த்தையே கிடையாது.

தர்மபுரியில் இருக்காது, சரிதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி என்கிற சிறு கிளையாகி, கடைசி வயலுக்கு வரும்போது நீர் வேகமும் இல்லாமல் அளவும் இல்லாமல் கசிந்துதான் வரும். அந்தக் கடைசி மடைதான் கடைமடை. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் மனுவில் முதல் வரியே ‘கடைமடைப் பகுதியாகிய எங்கள் கிராமம்’ என்றுதான் இருக்கும்.

ஆபீஸில் இதற்கு இரண்டு பொருள். சர்வீஸ் கடைசிக்கு வந்துவிட்டது என்பது ஒன்று. மேலே எல்லாரும் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சம்தான் எனக்கு வந்தது என்பது இன்னொன்று. பிரமோஷன் பேனலில் பெயர் தள்ளிப்போனவர் இதைச் சொன்னால் இரண்டாவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

இதில் ஒரு விதி உண்டு, இனிமேல் வருகிற எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும். அவரே தன்னைச் சொல்லிக்கொண்டால் அது நகைச்சுவை. நீங்கள் அவரைப் பார்த்துச் சொன்னால் அது மரியாதைக்குறைவு. ‘என்ன சார், கடைமடையா?’ என்று கேட்ட ஒரு தம்பியின் டூர் பில் மூன்று மாதம் நகரவில்லை.

‘ஷட்டர் இறக்கியாச்சு’ங்கிறதும் அதேதானா?

கிட்டத்தட்ட. மேட்டூரை மூடுகிற வழக்கமான நாள் ஜனவரி 28. ஷட்டர் இறங்கிய பிறகும் ஆற்றில் இருக்கிற தண்ணீர் கொஞ்ச நாள் ஓடும். அதுபோல, புதுக் கோப்பு எதையும் எடுக்காமல் இருக்கிறதை மட்டும் முடித்துக்கொண்டிருப்பவர் ஷட்டர் இறக்கியவர். கடைமடையில் இருப்பவர் கடைசி நாள் வரை வேலை பார்க்கவும் கூடும். இரண்டையும் குழப்பினால் ஒழுங்காக வேலை செய்கிறவருக்குக் கோபம் வரும்.

‘பேப்பர் போயிடுச்சா?’ன்னு கேட்டா எந்தப் பேப்பர்?

பென்ஷன் கருத்துரு. சென்னையில் இருக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு, அதாவது ஏ.ஜி. ஆபீஸுக்கு, ஓய்வுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே போக வேண்டும். அதற்கு முன் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் எல்லா வருஷமும் சரிபார்த்து எழுதியிருக்க வேண்டும். 1994இல் எடுத்த விடுப்புக்கு ஆணை எங்கே என்று தேடும்போதுதான் ஒரு மனிதர் தன் வாழ்க்கையை முழுசாக ஒரு தடவை படிக்கிறார். என் மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘இந்த மெடிக்கல் லீவு பெரிய பொண்ணு பிறந்தப்ப போட்டதும்மா’ என்று சொல்லாதவர் குறைவு.

பேப்பர் போன பிறகு அவர் ‘பேப்பர் போட்டவர்’. அதன்பின் யாரும் அவருக்குப் புது வேலை கொடுக்க மாட்டார்கள். அடுத்த கேள்வி ‘பி.பி.ஓ. வந்துடுச்சா?’. அது ஓய்வூதியம் வழங்கும் ஆணை. வந்துவிட்டால் காபி அவர் செலவு.

2003 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். ‘சி.பி.எஸ். பசங்க’ என்று அவர்களைச் சொல்வது இதனால்தான், அந்தப் பசங்களுக்கு ஐம்பது வயது ஆனாலும். அவர்களிடம் பென்ஷன் கேலி எதுவும் வேண்டாம்.

‘நல்லபடியா கரையேறிட்டார்’னு ஏன் இவ்வளவு நிம்மதியா சொல்றாங்க? ரிட்டையர்மென்ட்தானே?

ஆணையின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ‘வயது முதிர்வின் காரணமாக பணி ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்’ என்றிருக்கும். அனுமதிக்க வேண்டும். தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையில் கிளப்பிய ஆட்சேபம், பாக்கி இருந்தாலோ, ‘பதினேழு பி’ என்று சுருக்கமாகச் சொல்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை நிலுவையில் இருந்தாலோ சிக்கல். கடைசி நாள் சாயங்காலம் கையில் சஸ்பென்ஷன் ஆணை வந்து, அடிப்படை விதி 56இன்படி ஓய்வு பெற விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உண்டு. மேடையில் மாலை தயாராக இருக்கும், ஆள் ஆணை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். ஓய்வு பெறும் நாளில் இப்படிச் செய்வதைத் தவிர்ப்போம் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள் என்றால், அது எவ்வளவு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் கரையேறுவது என்பது வெள்ளத்தில் போகாமல் மேலே வந்துவிட்டது. இதற்கு எதிர்ச்சொல் ‘சீட்டுக் கிழிஞ்சுது’. அது வேலை போவது. ‘வீட்டுக்கு அனுப்பிட்டாங்க’ என்பதும் அதேதான். ஓய்வு பெற்றவரைப் பற்றி ‘வீட்டுக்குப் போயிட்டார்’ என்று அறியாமல் சொல்லி வைக்காதீர்கள்.

‘போயிட்டார்’னு சொல்லலாமா?

கூடாது. எங்கள் பிரிவில் நடந்தது. வெளியூரிலிருந்து போன், ‘கண்காணிப்பாளர் சார் இருக்காரா?’ புதிதாகச் சேர்ந்த பையன், ‘சார் 31ஆம் தேதியோட போயிட்டாருங்க’ என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘எப்படிப்பா? போன வாரம்கூட நல்லாப் பேசினாரே!’ சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் கார் விட்டு இறங்கினார்கள். கதவைத் திறந்தவர் அவரேதான்.

‘டிக்கெட் வாங்கிட்டார்’, ‘முடிஞ்சுட்டார்’ இரண்டுக்கும் இதே ஆபத்து. சர்வீஸ் முடியலாம், ஆள் முடியக் கூடாது. பாராட்டு விழா பிளெக்ஸ் அடிக்கும்போதும் படத்தில் மாலை போடச் சொல்லாதீர்கள், கீழே வாசகம் படிக்காதவன் கும்பிட்டுவிட்டுப் போவான்.

பத்திரிகைல ‘ஓய்வு’ன்னு போடணுமா ‘ப.நி.’ன்னு போடணுமா?

ப.நி. என்றால் பணி நிறைவு. கல்யாணப் பத்திரிகையில் ‘தலைமையாசிரியர் (ப.நி.)’ என்று பார்த்திருப்பீர்கள். ஓய்வு என்றால் சும்மா கிடப்பது போலத் தொனிக்கிறது என்று ஆசிரியர்களில் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அச்சடிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘திருக்கடையூருக்கு நாள் பார்த்தாச்சா?’ன்னு கேட்டா ரிட்டையர்மென்டா, கோயிலா?

இரண்டும். மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிற திருக்கடையூர், மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம். அறுபது நிறைந்தவர்கள் அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதியில் மணிவிழா செய்துகொள்வது வழக்கம். அறுபதாம் கல்யாணம் என்பார்கள். ஓய்வு வயது 58 ஆக இருந்தபோது ஓய்வுக்கும் மணிவிழாவுக்கும் இரண்டு வருஷம் இடைவெளி. இப்போது இரண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதனால் கேள்வியும் ஒன்றாகிவிட்டது. இது கடைமடை விதிக்குக் கட்டுப்படாத ஒரே சொல். மேலதிகாரியிடம்கூட நேராகக் கேட்கலாம், சந்தோஷப்படுவார்.

அறுபதாம் கல்யாணமே முடிஞ்சுது. இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்காமே, எப்படி?

காதைத் தொட்ட கதையை மேலே சொன்னேனே, அதுதான். ஜாதகத்தில் ஒரு வயது, பதிவேட்டில் ஒரு வயது. நட்சத்திரப்படி ஐயர் அறுபதுக்கு நாள் குறிப்பார். அரசாங்கம் பதிவேட்டுத் தேதியைப் பார்க்கும். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியை மாற்ற வேண்டுமானால் சேர்ந்த 5 வருஷத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். குறைத்து எழுதிய வாத்தியாருக்கு நன்றி சொல்கிறவர் யாரும் மாற்றப் போவதில்லை. மணிவிழாவுக்குப் போங்கள், தாம்பூலப் பை வாங்குங்கள், திங்கட்கிழமை ஆபீஸில் வயதுக் கணக்கு போடாதீர்கள்.

‘தாளடி போடுறார்’னு ஒருத்தரைச் சொன்னாங்க. அவருக்கு நிலமே கிடையாதே?

குறுவை அறுத்த வயலிலேயே அடுத்து நடுவது தாளடி. ஓய்வு பெற்றபின் அதே இடத்துக்கோ பக்கத்து ஆபீஸுக்கோ தொகுப்பூதியத்தில் வருகிறவரை இப்படிச் சொல்வார்கள். கல்வியாண்டு நடுவில் முடிகிற ஆசிரியருக்கு வருஷக் கடைசி வரை மறுநியமனம் கிடைக்கும், அதையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆசிரியர் விஷயம், அறுப்பு கொஞ்சம் தள்ளிப்போன அதே பயிர்.

பஸ்காரங்க, மிலிட்டரிக்காரங்க இதே வார்த்தைதான் சொல்றாங்களா?

இல்லை. இந்தப் பக்கத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கும்பகோணம்தான் தலைமையிடம். டிப்போவில் ஒரு வழிப் பயணத்துக்கு ‘சிங்கிள்’ என்று பெயர். ‘அண்ணன் கடைசி சிங்கிள் அடிக்கிறாரு’ என்றால் அன்றைக்கே ஓய்வு. அந்த வண்டியில் வாழைமரம் கட்டிய காட்சியும் பார்த்திருக்கிறேன்.

மிலிட்டரியில் ‘பென்ஷன் வந்துட்டார்’. பென்ஷன் போவது இல்லை, வருவது, ஊருக்கு வருவதால். சிப்பாய்க்கு 15 வருஷம் முடித்தாலே ஓய்வூதியத் தகுதி உண்டு. அதனால் முப்பத்தைந்து வயதில் பென்ஷன் வந்து, பாங்க் காவலராக இன்னொரு சர்வீஸ் போட்டு, இரண்டாவது தடவை ஓய்வு பெறுவார்கள். 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் 4 வருஷம்தான், கால்வாசிப் பேரைத்தான் மேலே வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது ‘பென்ஷன் வந்துட்டான்’ என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு சொல்லை ஊர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு?

எங்கள் பக்கம் முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூரில் வீட்டுக்கு ஒருவர் சபராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர். வளைகுடாவிலிருந்து விசாவை ரத்து செய்துவிட்டு மொத்தமாகத் திரும்பினால் ‘கேன்சல்ல வந்துட்டார்’, சவுதி என்றால் ‘எக்ஸிட்ல வந்துட்டார்’. லீவில் வந்தவரை இப்படிச் சொன்னால் அன்றைக்கே கடன்காரர்கள் வந்து நிற்பார்கள். சிங்கப்பூரில் வளர்ந்த என் அக்கா மகன் தேசிய சேவை முடிக்கும் முன் இரண்டு மாதம் ‘ஓ.ஆர்.டி. லோ!’ என்று கத்திக்கொண்டிருந்தான். அங்கே இரண்டு வருஷக் கட்டாயச் சேவை முடிகிற நாளுக்கு அந்தப் பெயர்.

நாளை எண்ணுவது எல்லா நாட்டிலும் இருக்கிறது. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கத் தரைப்படையினருக்குத் தவணை 12 மாதம், மரீன்களுக்கு 13. கடைசி மாதங்களில் இருப்பவன் ‘ஷார்ட் டைமர்’, கையில் ஒரு காலண்டர் வைத்து நாளை அடித்துக்கொண்டே வருவான். அவன் எண்ணியது உயிரோடு திரும்புவதை. நம் ஆபீஸில் எண்ணுவது கிராஜுவிட்டியை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ரிட்டையர்மென்டே இல்லாதவங்க இருக்காங்களா?

நிறைய. நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருப்பவருக்கு ஒவ்வொரு வருஷமும் முடியும். ‘சீசன் முடிஞ்சுது’ என்பார், சால்வை கிடையாது. நடவு நடுகிற அம்மாவிடம் ‘எப்ப முடியுது?’ என்று கேட்டால் வயல் முடிவதைச் சொல்வார்.

இன்னொரு கூட்டம் ஓய்வு பெறாமலே முடிந்தது. கர்ணம், மணியக்காரர் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த கிராம அதிகாரிகள். 1980 நவம்பர் 14 அன்று ஓர் அவசரச் சட்டத்தில் அத்தனை பதவியும் ஒரே நாளில் ஒழிந்தது. பிறகு வி.ஏ.ஓ. வந்தார். முடிகிற தேதி தெரியாமல் முடிந்ததால் அவர்களுக்கு வழக்குச்சொல்லே உருவாகவில்லை. ‘கணக்குப்பிள்ளை வீடு’ மட்டும் தெருவில் மிச்சம் இருக்கிறது.

மேடம்களுக்குத் தனியா ஏதாவது சொல்வாங்களா?

ஆண்களுக்குச் சொல்கிற ‘பெருசு’ எங்களுக்கு வராது, அந்த மட்டும் லாபம். பதிலாக, ‘உங்களுக்கென்ன மேடம், இனிமே வீட்டைப் பார்த்துக்கலாம்’ என்று ஒன்று வரும். இருபத்தாறு வருஷமும் வீட்டை யார் பார்த்தது என்று நான் கேட்டதில்லை. பாராட்டு விழாவில் ஆண்களுக்கு மோதிரம், எங்களுக்குப் பட்டுப்புடவையும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும். என் வீட்டில் ஏற்கெனவே மூன்று குத்துவிளக்கு இருக்கிறது. எனக்கு மேயோட முடிகிறது. படிக்கிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளவும்.

‘டம்மி’ன்னா ரிட்டையர் ஆகப் போறவரா?

இல்லை. டம்மி என்பது அதிகாரம் இல்லாத இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர், முப்பது வயதிலும் ஆகலாம். ஷட்டர் இறக்கியவர் தானாக ஒதுங்கியவர், டம்மியை ஒதுக்கினார்கள்.

ரிட்டையர் ஆனவர் மறுபடி ஆபீஸுக்கு வந்தா எப்படிக் கூப்பிடறது, எங்க உட்கார வைக்கிறது?

‘சார்’தான், நேற்றுவரை எப்படியோ அப்படி. பெரும்பாலும் பிடித்தம் பாக்கி, அரியர் என்று ஏதாவது ஒரு காகிதத்துக்காகத்தான் வருவார். அதை மட்டும் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் டீ சொல்லுங்கள். அவருடைய பழைய சீட் பக்கம் பார்வை போகும், அங்கே இப்போது வேறு ஒருவர் இருப்பார். ஆகவே எதிர் வரிசையில், ஜன்னல் பக்கம் நாற்காலி போடுங்கள். மின்விசிறி அந்த இடத்துக்கு நன்றாக வரும் என்று அவருக்கே தெரியும். அந்த மின்விசிறிக்கு இன்டென்ட் போட்டு வாங்கியவர் அவர்தான்.